நான் திறக்காமல் விட்ட பலகை

போன மாதம், நான் முன்னர் வேலை செய்த உங்கள் படகுத் திருத்தகத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் பழைய பைபர் படகொன்றின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ பழஞ்சாக்கை அடைத்து மேலே பூசி விட்டிருந்தார்கள். "இதைச் செய்தவனைக் கண்டால் கன்னத்திலை ரெண்டு குடுப்பன்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. முப்பத்து நான்கு வயதில் நானும் அதே பேச்சுத்தான் பேசினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மரவள்ளக் கதை நமக்கெதற்கு என்று தள்ளி வைத்துவிடாதீர்கள். இதில் மரத்தைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான்.

எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. இவன்ர வாய்க்கு எந்தப் பெட்டை நிப்பாள் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவா. தலைமன்னாரில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். வள்ளம் கட்டுகிறவர்களை ஓடாவி என்று சொல்லும் காலம். கூட இருந்த ஓடாவிமாரின் வேலையைப் பற்றி என் கருத்தை ஒருவரும் கேட்டதில்லை. நானாகவே சொன்னேன். இந்த மூட்டு கோணல், அந்த ஆணி தேவையில்லாதது, இப்படிச் செய்வதற்கு வீட்டில் இருக்கலாம். ஒரு நாள் பட்டறைக்காரர் என் உளிகளைச் சாக்கொன்றில் சுற்றி என் கையில் தந்தார். "தம்பி, நீ வேலைகாரன்தான். ஆனால் நீ தனிய வேலை செய்யிறதுதான் எங்களுக்கும் நல்லம், உனக்கும் நல்லம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னார். அது எனக்கு அதிகம் சுட்டது.

அப்படிச் சும்மா இருந்த நாட்களில்தான் அரிப்புக் கிராமத்திலிருந்து சுவக்கீன் அண்ணை தேடி வந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். இருபத்தைந்து வருடமாகச் சம்மாட்டிமாரின், அதாவது வள்ள முதலாளிமாரின், வள்ளங்களில் கூலிக்குக் கடலுக்குப் போனவர். கொண்டச்சிக் கரையில் யாரோ கைவிட்டுப் போன இருபத்தெட்டு அடி மோட்டர் வள்ளமொன்றை எப்படியோ பாடுபட்டு வாங்கியிருந்தார். அவருடைய வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த முதல் வள்ளம் அது.

"ஆரோ ஆக்களின்ரை வள்ளத்திலை ஏறி ஆரோ ஆக்களின்ரை வலையை இழுத்தது காணும், தம்பி. இதை எனக்கு ஓட வைச்சுத் தா" என்றார். பட்டறையில் என்னை ஏன் அனுப்பினார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

வள்ளத்தின் பெயர் அன்னம்மாள். மாதாவின் தாய் தகப்பன் அன்னம்மாளும் சுவக்கீனும் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரைப் பார்த்துத்தான் அவர் அதை வாங்கினார் என்று அவருடைய மனைவி திரேசா அக்கா கேலி செய்வா. "இவருக்கு இப்ப அன்னம்மாள் கிடைச்சிட்டா. இனி நான் ஏன், நான் என்ர அம்மா வீட்டை போறன் எண்டு பிள்ளையளிட்டைச் சொல்லிப்போட்டன்." நான்கு பிள்ளைகள். கடைசிப் பெட்டைக்கு ஆறு வயது.

வள்ளத்தை அங்கிருந்து அசைக்க முடியவில்லை. கடலில் இழுத்துப் போனால் மூழ்கிவிடும். லொறி அந்த மணலில் இறங்காது. ஆகவே நான் அங்கே போனேன். வள்ளத்துக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு வாடி, சின்னக் குடிசை, போட்டு அதில் நான்கு மாதம் இருந்தேன். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்க முன்னர் வள்ளத்தை இறக்கிவிட வேண்டும் என்பது பேச்சு.

கொண்டச்சிக் கரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டுத் திரும்பி வருவது வேறு, அங்கே கிடப்பது வேறு. காலையில் எழுந்தால் மணலில் என் காலடி மட்டும் இருக்கும். பின்னேரம் பார்த்தால் அதே காலடிகள்தான் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். ஊருக்குள் போக அரை மணி நடை. கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து இரண்டு கதை கதைத்து வருவேன். ஒரு நாள் கடைக்காரர் ஆட்கள் உட்காரப் போட்டிருந்த வாங்கு ஏன் ஆடுகிறது, எவன் அதைச் செய்தவன் என்று விளக்கம் சொன்னேன். அவரேதான் செய்திருக்கிறார். அதன் பிறகு தேத்தண்ணி கிடைத்தது, கதை கிடைக்கவில்லை. தனிமை என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. மற்றவர்கள் என்னோடு கதைக்காததற்கு நான்தான் காரணம் என்பது உள்ளுக்குள் தெரிந்திருந்தபடியால் அது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றாவது வாரம் நான் வாய்விட்டுப் பேசத் தொடங்கினேன். வள்ளத்தை முன்னர் பழுது பார்த்தவர்களோடுதான் பேச்சு. அவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் ஒருவனுடைய வேலையை உளியால் கிளறக் கிளற அவன் நமக்குப் பழகிவிடுவான்.

ஒருவன் சீமெந்துக்காரன். அடியில் ஒழுக்கு வந்திருக்கிறது. பலகையைக் கழற்ற அவனுக்குப் பஞ்சி, சோம்பல். இரண்டு விலாச் சட்டங்களுக்கு நடுவே சீமெந்தைக் குழைத்து ஊற்றிவிட்டான். ஒழுக்கு நின்றிருக்கும். சீமெந்துக்கும் மரத்துக்கும் இடையில் நின்ற ஈரம் சட்டங்களைச் சோறாக்கிவிட்டது. அதை உடைத்து எடுக்க எனக்கு ஒன்பது நாள் போனது. ஒன்பது நாளும் அவனைத் திட்டினேன். இன்னொருவன் தகரக்காரன். ஓட்டை எங்கேயோ அங்கே பிஸ்கட் தகரத்தை விரித்து, தார் பூசி, இரும்பாணி அடித்திருந்தான். ஒரு தகரத்தில் இன்னும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பிஸ்கட் தின்று சிரித்துக்கொண்டிருந்தது. மூன்றாமவன் மெசினில் கை வைத்தவன். சுழலும் தண்டு வெளியே போகிற இடத்தில் கயிறு சுற்ற வேண்டும். அவன் தான் உடுத்தின பழஞ்சாரத்தைக் கிழித்துக் கிறீசில் தோய்த்துச் சுற்றியிருந்தான். சாரத்தின் கட்டம் கூடத் தெரிந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம்தான், செப்பாணிக்கு நாயாக அலைய வேண்டிய காலம்தான். ஆனாலும் நான் ஒருவனையும் மன்னிக்கவில்லை.

நாலாவது ஆள் ஒருவன் இருந்தான். அவனை மட்டும் நான் திட்டவில்லை. இடது பக்கத்தில் இரண்டு பலகை மாற்றியிருந்தான். மூட்டு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செப்பாணித் தலைகள் நூல் பிடித்தது போல ஒரே வரிசை. அவனுக்கு நல்லவன் என்று பெயர் வைத்தேன். பின்னேரங்களில் வேலையை முடித்துவிட்டு அவனுடைய பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பீடி பிடிப்பேன். "நீயும் நானும் ஒரே பட்டறையில் இருந்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று ஒரு நாள் அவனிடம் சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கரையில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவன்.

உயிரோடு இருந்த கூட்டாளி சுவக்கீன் அண்ணைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிப்பில் பூசை கண்டுவிட்டு, திரேசா அக்கா கட்டித் தந்த சோற்றுப் பொதியோடு சைக்கிளில் வருவார். மணல் தொடங்குகிற இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வருவது தூரத்தில் தெரியும். சனிக்கிழமை இரவே எனக்கு அந்த உருவத்தைக் காணும் ஆசை வந்துவிடும். இருவரும் சாப்பிடுவோம். பிறகு நான் அந்த வாரம் கண்டுபிடித்த கள்ள வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவேன். அவர் சிரிப்பார். நான் இன்னும் ஏற்றிச் சொல்லுவேன்.

"பழுதைப் பாக்காமல் மூடுறவன் கள்ளனிலும் கேவலம், அண்ணை. கள்ளன் பொருளைத்தான் எடுக்கிறான். இவங்கள் உயிரை எடுக்கிறாங்கள்."

"ஓம் தம்பி, ஓம். உன்னைப்போல ஆள் எனக்குக் கிடைச்சது மாதா செய்த வேலை" என்பார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அப்படி ஒருவரும் அதுவரை என்னைச் சொன்னதில்லை.

இப்போது அணியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. புதுவள்ளத்தைக் கோயில் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது, அணியத்தின் உட்புறத்தில், கடல்மட்டம் வருகிற உயரத்தில் ஒரு பலகையில் மாதா பதக்கம் பதிப்பார்கள். கடல் எவ்வளவு ஏறினாலும் மாதாவைத் தாண்டி உள்ளே வராது என்பது நம்பிக்கை. அந்தப் பலகையில் அதற்குப் பிறகு ஒருவரும் ஆணி அடிக்கமாட்டார்கள், உளி வைக்கமாட்டார்கள். வள்ளம் ஐந்து கை மாறினாலும் அந்தப் பலகை மாறாது. சுற்றிவரப் புதுப்பலகையாக இருக்கும், அது மட்டும் பழசாக இருக்கும்.

தொழில் தெரிந்த நீங்கள் அந்த இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். பலகைகளின் முனைகள் எல்லாம் வந்து முன்கட்டையில் சேருகிற இடம். அலை முதலில் அறைகிற இடம். மரவள்ளத்தில் முதலில் உளுத்துப்போகிற இடமும் அதுதான். அதைத்தான் நாங்கள் தொடக்கூடாது என்று வைத்திருந்தோம்.

அன்னம்மாளில் அந்தப் பதக்கம் இருந்தது. நல்லவன் அந்தப் பலகையைக் கழற்றவில்லை. அதன் மேல் ஒரு மூடுபலகை பொருத்தி, பதக்கம் தெரியும்படி நடுவில் வட்டமாக வெட்டியிருந்தான். வட்டத்தின் விளிம்பை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். வெளிப்புறத்தில் முன்கட்டையைச் சுற்றிச் செப்புத்தகடு. அதுவும் அவனுடைய கைதான். கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்தேன். சத்தம் கணீரென்று வரவில்லை, மொத்தையாக வந்தது. இரண்டு பலகை ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் அப்படித்தான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதாவின் பலகை, நல்லவனின் வேலை, சோளகத்துக்கு இன்னும் மூன்று வாரம். கொட்டாப்புளியைக் கீழே வைத்தேன். அரிப்புக் கோயில் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், திறந்து பார் தம்பி, நான் வந்து திரும்ப மந்திரிச்சுத் தாறன் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவக்கீன் அண்ணை வள்ளத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பச்சையும் வெள்ளையுமாகத் தீந்தை பூசி அன்னம்மாள் புதுப்பெண் போல நின்றாள்.

"அணியமும் பாத்தாச்சோ, தம்பி?"

"பாத்தாச்சு, அண்ணை."

கண்ணால் பார்த்தது உண்மை. அவர் கேட்டது அதுவல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை முப்பது பேர் சேர்ந்து இழுத்து வள்ளத்தைக் கடலில் இறக்கினோம். காய்ந்து கிடந்த மரவள்ளம் முதல் நாள் தண்ணீர் எடுக்கும். பலகை ஊறி இடுக்குகள் இறுக ஒரு இரவு வேண்டும். ஆழமில்லாத இடத்தில் நங்கூரம் போட்டு விட்டோம். மறுநாள் விடிய நான் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஏறினேன். உள்ளே நின்ற தண்ணீரை இறைத்தேன். என் கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளில் நூலும் குங்கிலியமும் அடைத்த வேலை, எல்லா இடத்திலும் பிடித்திருந்தது. ஓரிடத்தில்கூடக் கசிவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அணியத்துக்குப் போனேன். மூடுபலகையின் கீழ் விளிம்பிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இடுக்கு வழியாக வருகிற தண்ணீர் தெளிவாக வரும். இது வெறுந்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. உளுத்த மரத்துக்குள்ளாலும் கறளும் துருவும் பிடித்த ஆணிக்குள்ளாலும் வந்தால்தான் தண்ணீருக்கு அந்த நிறம் வரும். இடுப்பிலிருந்த கத்தியின் நுனியை விளிம்புக்குள் விட்டேன். ஒரு விரல் ஆழத்துக்குத் தடையில்லாமல் போனது. கத்தியை எடுத்துச் சாரத்தில் துடைத்தேன்.

கரையில் உழவு இயந்திரங்களின் சத்தம் கேட்டது. வள்ளத்தை மந்திரிக்கும் சடங்குக்கு அரிப்பிலிருந்து இழுவைப் பெட்டிகளில் ஏறி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அறுபது பேருக்குக் குறையாது. பின்னால் சாமியாரின் ஜீப். திரேசா அக்கா பெரிய பணியாரப் பெட்டியோடு இறங்கினா. பிள்ளைகள் நால்வரும் புது உடுப்பு. மந்திரித்து முடிந்ததும் சொந்தக்காரனின் குடும்பம் முழுவதும் ஏறி முதல் சுற்றுப் போக வேண்டும் என்பது முறை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஏறுவார்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். செய்ய வேண்டியது எதுவென்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "நான் அணியத்தைத் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்கு வேண்டாம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான்கு மாதமாக எவனெவனையோ கள்ளன் என்று சொல்லிச் சிரித்த வாயால் அதைச் சொல்ல வேண்டும். சுவக்கீன் அண்ணை கேட்டபோது பாத்தாச்சு என்று சொன்ன வாயால் சொல்ல வேண்டும். அவர் முகம் மாறும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறவர் வேறு ஆளாக இருப்பார். அதை நினைக்க எனக்குப் பயம் வந்தது. கடலை நினைத்து வந்த பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

பிள்ளைகளை ஏற்றவும் எனக்கு மனம் இல்லை. ஆகவே ஒரு கெட்டித்தனம் செய்தேன். தீர்த்தம் தெளித்து முடிந்ததும் முன்னால் போய்ச் சொன்னேன்.

"அண்ணை, மெசின் இப்பதான் பூட்டினது. முதல் சுத்து நானும் நீங்களும் மட்டும் போவம். நல்லா ஓடினால் பிறகு எல்லாரையும் ஏத்தலாம்."

திரேசா அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமி மந்திரிச்ச கையோட இதென்ன கதை? நாங்கள் ஏறாமல் வள்ளம் போறது எங்கையாவது இருக்கோ?"

"மெசின் சூடேறி நிண்டுபோனால் குஞ்சு குருமனை வைச்சுக்கொண்டு நடுக்கடலிலை என்ன செய்யிறது அக்கா?"

கடைசிப் பெட்டை அழத் தொடங்கினாள். சுவக்கீன் அண்ணைக்கும் விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் மகளைத் தூக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, "ஓடாவி சொன்னால் கேக்க வேணும். அவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

என் கணக்கு இதுதான். கரையோடு ஒரு சின்னச் சுற்று. திரும்பி வந்ததும் மெசினில் ஏதோ சத்தம், ஒரு வாரம் வேண்டும் என்பேன். ஆட்கள் போனபிறகு ஒருவருக்கும் தெரியாமல் அணியத்தைத் திறந்து சரிசெய்துவிடுவேன். பெயரும் கெடாது, உயிரும் போகாது.

சுக்கானைப் பிடித்தவர் சுவக்கீன் அண்ணை. அதை நான் யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் காத்திருந்த மனிதர் கரையோடு சுற்றுவாரா? மெசின் பிடித்ததும் அன்னம்மாள் வெளியே பாய்ந்தாள். நான் மெசினுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டு சிரித்தார்.

"காணும் அண்ணை, திருப்புங்கோ" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போவம் தம்பி. பார் வரைக்கும்."

பார் என்றால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கல்திட்டு. அதற்கு அப்பால்தான் அலை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். பாரைத் தாண்டியதும் மூன்று அலை வந்தது. இரண்டில் ஏறி இறங்கினோம். மூன்றாவதில் அணியத்தில் துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போவதற்குள் முழங்கால் வரை தண்ணீர். ஏறிய தண்ணீரின் பாரத்துக்கும் மெசினின் பாரத்துக்கும் வள்ளம் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கிவிட்டது. நான்கு மாத வேலை ஒரு சுருட்டுப் பற்றி முடிவதற்குள் போனது.

மெசின் பெட்டியின் மூடி மிதந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம். கரை தெரிந்தது. ஆட்கள் ஓடுவதும் இரண்டு வள்ளங்களைத் தள்ளுவதும் தெரிந்தது. அவர்கள் வரப் பிந்தும் என்பதும் தெரிந்தது. சுவக்கீன் அண்ணை வள்ளம் போன இடத்தைப் பார்த்தார்.

"அணியத்தாலைதான் வந்தது, என்ன?"

"ஓம்."

"விடியவே கண்டனியோ?"

"ஓம் அண்ணை."

"அதாலைதான் பிள்ளையளை ஏத்த விடயில்லை."

"ஓம்."

ஒரு அலை வந்து எங்களைத் தூக்கி இறக்கியது. அவர் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப என்னை ஏன் தம்பி ஏத்தினனீ?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே போய் இருமல் வந்தது. அந்த இருமலைச் சாட்டாக வைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். வள்ளங்கள் வரும்வரை ஒரே மூடியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கிடந்தோம்.

கரையில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்றேன். சொல்லத்தான் நின்றேன் என்று இன்றைக்கும் என்னை நானே நம்பவைக்கப் பார்க்கிறேன். அதற்கு முன் சுவக்கீன் அண்ணை சொல்லிவிட்டார்.

"கட்டையொண்டு மிதந்து வந்து அணியத்திலை அடிச்சுப்போட்டுது. ஆரையும் குறை சொல்லேலாது. ஓடாவி பிள்ளையளை மறிச்சபடியாலை தப்பினம்."

என்னைப் பார்க்காமல் சொன்னார். அவரை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. திரேசா அக்கா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினா. "உங்கட வாயிலை மாதாதான் வந்து சொன்னவ" என்று அழுதா. சாமியார் என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கீழ் நான் நின்ற நிலையை உங்களில் எவருக்கும் நான் விரும்பமாட்டேன்.

ஆட்கள் போனபிறகு நான் வாடியிலேயே இருந்தேன். போக இடம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை மணல் தொடங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அணியத்தின் ஒரு துண்டு கரையில் ஒதுங்கியிருந்தது. மூடுபலகை பிளந்திருந்தது. அதன் பின்னால் இருந்த பழைய பலகை கையால் பிசையக்கூடிய அளவுக்கு உளுத்திருந்தது. மூடுபலகையின் வெளியே தெரிகிற ஆணிகள் செப்பு. உள்ளே தெரியாத இடத்தில் அடித்த ஆணிகள் இரும்பு. ஓரிடத்தில் உளுத்த மரத்தைக் கொஞ்சம் தோண்டிவிட்டு நிறுத்திய உளித்தடமும் இருந்தது. நல்லவன் கண்டிருக்கிறான். தோண்டிப் பார்த்து, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்து, மாதாவின் பலகையைக் கழற்றுகிறேன் என்று சொந்தக்காரனிடம் சொல்லப் பயந்து, தன்னால் முடிந்த அளவு அழகாக மூடியிருக்கிறான். சீமெந்துக்காரனுக்கும் தகரக்காரனுக்கும் வேலை தெரியாது. அவர்களுடைய பிழையை எட்டடி தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கலாம். இவன் வேலை தெரிந்தவன், என்னைப் போல. திட்ட வாய் வரவில்லை. பதக்கத்தை மட்டும் கழற்றி, அரிப்புக்குப் போன ஒருவரிடம் திரேசா அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

சுவக்கீன் அண்ணைக்கு இன்னொரு வள்ளம் வாய்க்கவில்லை. பழையபடி சம்மாட்டி வள்ளத்தில் கூலிக்குப் போனார். அறுபத்தைந்து வயது வரைக்கும் போனார் என்று கேள்வி. என் பக்கம் வேறாக நடந்தது. கொண்டச்சியில் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஓடாவி என்ற பெயர் வங்காலை, பேசாலை, தலைமன்னார் என்று பரவியது. வேலை தேடி வந்தது. என்னை அனுப்பிய பட்டறைக்காரரே திரும்பக் கூப்பிட்டார். மற்றவர்களின் வேலையைப் பற்றி நான் பேசுவதை விட்டுவிட்டேன், அதனால் ஆட்களுக்கும் என்னைப் பிடித்துப்போனது. பொறுமைசாலி என்றார்கள்.

ஒரு வேலையை ஒப்படைக்கும்போது, திறந்து பார்த்த இடங்கள் இவை, திறந்து பார்க்காத இடங்கள் இவை என்று கடதாசியில் எழுதிச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குகிறீர்களே, அந்தப் பழக்கத்தை உங்கள் திருத்தகத்துக்குக் கொண்டுவந்தவன் நான். வீண் வேலை என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். பார்க்காத இடத்தைப் பார்க்கவில்லை என்று வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கண்டபடியால்தான் எழுதச் சொன்னேன். திறந்து பார்க்காத இடங்கள் என்ற பகுதி வெறுமையாக வருகிற கடதாசியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களும் நம்பவேண்டாம். மெசின் சூடேறும் என்பது போன்ற ஒரு நல்ல காரணம் உங்கள் வாயில் தயாராக வந்து நிற்கும்போது, யாரைக் காப்பாற்ற அதைச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் சுவக்கீன் அண்ணை காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கரையில் அழுத கடைசிப் பெட்டை இரண்டு பிள்ளைகளின் தாயாக இருந்தாள். திரேசா அக்கா அந்தப் பிள்ளைகளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினா. "இந்தத் தாத்தா இல்லாட்டி உங்கட அம்மா இல்லை. கையைப் பிடிச்சுக் கும்பிடுங்கோ" என்றா. கும்பிட்டார்கள். எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள்.

ஆட்கள் கொஞ்சம் குறைந்ததும் அக்கா பக்கத்தில் வந்து இருந்தா.

"நீங்கள் ரெண்டு பேரும் என்னத்துக்குக் கதைக்காமல் விட்டனீங்கள்? அவரிட்டை எத்தினை தரம் கேட்டுப் பாத்தன்."

"வேலை கூடிப்போச்சு அக்கா. வர நேரமில்லை."

"அவரும் அதைத்தான் சொன்னவர். ஓடாவிக்கு வேலை கூட, அவனைக் கரைச்சல்படுத்தாதை எண்டு" என்றா.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏறினேன். திரேசா அக்கா இப்போது முருங்கனில் மகளோடு இருக்கிறா. இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் அவதான். உங்களுக்கு எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது.